கோடரியும் கணக்கேடும்

சென்னை மாநகரின் மேற்குப் புறத்தில், ஆவடியை அடுத்து, சேக்காடு என்றோர் ஊர் உள்ளது. ‘சே’ என்னும் சொல்லுக்கு எருது என்றும், செம்மை என்றும், ஒருவகை மரம் என்றும் பொருள் கூறுவர். முன்பாதிக்கு எப்பொருள் கொண்டாலும் பின்பாதியில் ஐயத்திற்கு இடமில்லை. அதே வட்டாரத்தில் வேல மரத்தின் பெயரால் திருவேற்காடு விளங்குகிறது. முல்லைக் கொடியின் பெயரால் திருமுல்லைவாயில் நிற்கிறது. மேற்கே சென்றால் ஆல மரத்தின் பெயரைத் தாங்கிய திருவாலங்காடு. அதற்கும் அப்பால் ஆர்க்காடு. வடக்கே கடலோரத்தில் பழவேற்காடு. மன்னர்கள் மறைந்தாலும், மொழிகள் வந்து போனாலும், ஊர்ப்பெயர்கள் எளிதில் மாறுவதில்லை. இப்பெயர்களை வைத்தவர்கள் தம் கண்முன் கண்டதையே பெயராக வைத்தார்கள்.

இன்று இவ்வூர்களில் வீடுகள் உண்டு, தொழிற்சாலைகள் உண்டு, இருப்புப் பாதை உண்டு. காடு மட்டும் இல்லை. அப்படியானால் இக்காடுகளை அழித்தவர் யார்?

“மனிதன்தான் அழித்தான்” என்று சொல்லிவிடுவது எளிது. பள்ளிப் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அவ்வாறே சொல்கின்றன. ஆனால் எல்லார் மேலும் சுமத்தப்படும் பழி, இறுதியில் எவர் மேலும் விழுவதில்லை. இன்னும் சற்று நெருக்கிக் கேட்டால், விறகு வெட்டுபவரையும் ஆடு மேய்ப்பவரையும் மலைவாழ் மக்களையும் சுட்டிக் காட்டுவார்கள். கோடரி அவர்கள் கையில் இருப்பதைக் கண்ணால் காண்கிறோம் அல்லவா? ஆயினும், கோடரியைப் பிடித்த கையும், வெட்டப்பட்ட மரத்தைக் கணக்கேட்டில் வரவு வைத்த கையும் ஒன்றா என்பதே வரலாறு நம்முன் வைக்கும் வினா. அதைத்தான் இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறேன்.

உழவு உண்ட காடு

காட்டை அழித்தது வெள்ளையர் ஆட்சியில்தான் தொடங்கியது என்று எண்ணுவது தவறு. கரிகாற் சோழன் காடுகளை அழித்து நாடாக்கியதையும், குளங்களை வெட்டி வளம் பெருக்கியதையும் அவனுடைய புகழாகவே பட்டினப்பாலை பாடுகிறது. காண்டவ வனத்தை எரித்த பிறகே பாண்டவர்களின் தலைநகர் பொலிவு பெற்றது என்கிறது பாரதக் கதை. தொண்டை மண்டலத்தைப் பற்றி வழங்கும் மரபும் இத்தகையதே. குறும்பர் என்னும் ஆயர்குலத்தார் வாழ்ந்த காட்டு நிலத்தைத் தொண்டைமான் வென்றான் என்றும், அதன்பின் உழவர் குடியேறினர் என்றும் அம்மரபு கூறும். தொண்டைமானின் யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது என்பதே திருமுல்லைவாயிலின் தலக் கதை. குறும்பரின் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படும் இரண்டு எருக்கந் தூண்களை அக்கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள். காட்டு மக்களின் தோல்வி அங்கே வெற்றிச் சின்னமாக நிற்கிறது.

நம் மொழியே இம்மாற்றத்திற்குச் சான்று பகர்கிறது. ‘காடு கழனி’ என்று நாம் சேர்த்துச் சொல்லும்போது காடு என்பது மரங்கள் அடர்ந்த வனத்தைக் குறிப்பதில்லை. மழையை நம்பிய புன்செய் நிலத்தைக் குறிக்கிறது. கொங்கு நாட்டில் “காட்டுக்குப் போய் வருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் தம் வயலுக்குப் போகிறார் என்பதே பொருள். காடு உழவு நிலமாக மாறிய பின்னும் பழைய பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எனினும், அந்தப் பழைய அழிவுக்கு ஓர் எல்லை இருந்தது என்பதை மறுக்க முடியாது. காட்டை வெட்டியவர் அதே மண்ணில் வாழ்ந்தார். மழை பொய்த்தால் அவருடைய வயிறுதான் காய்ந்தது. ஆகவே ஏரி வெட்டினார். கரையில் மரம் வளர்த்தார். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் என்று ஊர்ப் பொது நிலத்தை ஒதுக்கினார். தெய்வத்தின் பெயரால் கோயிற்காடுகளை விட்டுவைத்தார். காயா, பாலை, களா, காரை, சூரை என நமது கடற்கரைச் சமவெளிக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் இன்றும் சில இடங்களில் தப்பியிருப்பது பெரிதும் அக்கோயிற்காடுகளினால்தான். வெட்டுபவரும் விளைவைச் சுமப்பவரும் ஒருவராக இருந்த வரையில் கோடரிக்குத் தானாகவே ஒரு கட்டுப்பாடு இருந்தது.

நகரத்தின் அடுப்பு

இவ்விருவரும் பிரிந்தபோதுதான் கேடு பெரிதாயிற்று. நகரமும் அரண்மனையும் தம்மிடம் இல்லாத காட்டைத் தொலைவிலிருந்து உண்ணத் தொடங்கின. இது எல்லா நாடுகளின் கதையும் ஆகும். சாலமோன் எருசலேமில் கோவிலும் அரண்மனையும் எழுப்பியபோது, இசுரயேலரில் முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்கு எடுத்து, மாதத்திற்குப் பத்தாயிரம் பேராக லெபனோனுக்கு அனுப்பினார் என்று அரசர் முதல் நூல் எழுதி வைத்துள்ளது. கேதுரு மரங்களை வீழ்த்திய கோடரிகள் அந்தக் கூலிகளின் கையில் இருந்தன. ஆயினும் அம்மரங்கள் யாருடைய தேவைக்காக வீழ்ந்தன என்பதைத் திருநூல் மறைக்கவில்லை. பின்னாளில் இறைவாக்கினர் எசாயா, பாபிலோன் மன்னனின் வீழ்ச்சியைப் பாடுகையில், லெபனோனின் மரங்களே அவ்வீழ்ச்சியைக் கண்டு மகிழ்வதாகக் காட்டுகிறார். மன்னன் வீழ்ந்தான், இனி வெட்டுபவர் வரமாட்டார். வெட்டுபவரை அனுப்பியவர் யார் என்பதை அம்மரங்கள் அறிந்திருந்தன போலும்!

1639இல் ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றினர். கோட்டையும் கிடங்கும் எழுந்தன, மக்கள் பெருகினர். நகரத்தின் ஒவ்வோர் அடுப்பும் விறகை நம்பியிருந்தது. செங்கற் சூளைக்கு விறகு. சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு. வீடு கட்ட மரம். கப்பலைப் பழுது பார்க்கவும் மரம். 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய் பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது கூலிக்கு வேலை செய்த ஏழைகளின் உழைப்பால் தெற்கு வடக்காக அது இணைக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அக்கால்வாயில் வந்த படகுகள் நகரத்தின் விறகுத் தொட்டிகளை நிரப்பின. இயற்கைக் காட்டின் விறகு குறையக் குறைய, கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் எரிபொருளுக்காகவே நடப்பட்டன.

விறகுத் தொட்டியில் எடை போட்டு வாங்கிய குடும்பத் தலைவிக்கு, அந்த விறகு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவரைக் குற்றம் சொல்வதும் முறையன்று. ஆனால், தெரியாமலே ஒரு காட்டை எரிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உருவாயிற்று.

1856

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்லும் இன்றைய பாதை அந்த வழிதான்.

அக்காலத்தில் ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை சிலீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. இக்கணக்கின்படி இந்த முதல் பாதைக்கு மட்டுமே ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டைகள் தேவை. எங்கிருந்து வந்திருந்தாலும் அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காட்டில் நின்ற மரமே. போட்ட கட்டையும் நிலைப்பதில்லை. கறையானும் மழையும் அரித்த பின் புதிய கட்டை வேண்டும். 1850களிலேயே சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் சிலீப்பர் கட்டைகளுக்காக வெட்டப்பட்டன. இதற்கு மேலாக, இங்கே நிலக்கரி அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தமையால், நீராவி எந்திரங்கள் நெடுங்காலம் விறகையே எரித்தன. பாதையின் அடியில் மரம். எந்திரத்தின் வயிற்றிலும் மரம். வட ஆர்க்காட்டு மலைகள் இத்தேவையினால் மொட்டையாகத் தொடங்கியதை அன்றைய வன அறிஞர்களே கண்டு எழுதினார்கள்.

அதே 1856ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஆரிஸ் பிரபு ஆளுநராக இருந்த அதே ஆட்சியில், சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக மருத்துவர் ஹியூ கிளெகார்ன் அமர்த்தப்பட்டார். அவர் சென்னையிலேயே 1820இல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று திரும்பியவர். தாவரவியலில் ஆழ்ந்த புலமை கொண்டவர். வெப்ப நாடுகளில் காடழிவதால் விளையும் கேட்டைக் குறித்து 1851லேயே பிரித்தானிய அறிவியல் கழகத்திற்கு அறிக்கை தந்த குழுவில் அவர் முதன்மையானவர். காட்டின் மீது அவருக்கிருந்த பற்றை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அவரை அமர்த்திய அரசுக்கு என்ன தேவைப்பட்டது? இருப்புப் பாதைக்கும் கப்பலுக்கும் கட்டடத்திற்கும் மரம் தட்டாமல் கிடைக்க வேண்டும். காட்டைக் காக்கும் துறையும் காட்டை உண்ணும் இரயிலும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின் கீழ்ப் பிறந்தன.

கிளெகார்ன் இருப்புப் பாதையின் பசியை நன்கு அறிந்திருந்தார். ஆயினும் அந்தப் பசியைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவரால் தடுக்க முடிந்தது வேறொன்று. மலைச்சரிவில் சிறு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு போகம் தினையும் கேழ்வரகும் விளைவித்து, பின்பு காடு மீண்டும் வளர விட்டு வேறிடம் செல்லும் புன வேளாண்மை பழங்குடியினரிடம் இருந்தது. அரசுக் காடுகளில் அதற்கு 1860இல் தடை வந்தது. தினைப்புனம் காத்த வள்ளியின் பிள்ளைகள் குற்றவாளிகளானார்கள். இரயில் ஓடிக்கொண்டேயிருந்தது.

சட்டம் கண்ட குற்றவாளி

காடு முழுவதும் அரசின் உடைமை என்று சட்டம் இயற்றும் முயற்சி கல்கத்தாவைச் சார்ந்த ஆட்சியாளர்களிடம் எழுந்தபோது, சென்னை மாகாண வருவாய் வாரியமே முதலில் அதனை எதிர்த்தது. இம்மாகாணத்துக் காடுகளில் ஊர் மக்களுக்கு உரிமையில்லாதது என்று ஒன்றைக் காண்பது அரிது என்பது அதன் கருத்து. நிலவரியை நாளும் கையாண்ட அதிகாரிகள் ஊரின் இயல்பை அறிந்தே அவ்வாறு சொன்னார்கள். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்திலிருந்து சென்னை விலகி நின்றது. ஆனால் நான்கே ஆண்டுகளில், 1882இல், சென்னை வனச் சட்டம் பிறந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயருடன் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அச்சட்டத்தால் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. அதனால் பல காடுகள் பிழைத்தன என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். இன்று தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காடாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் அது ஏற்படுத்திய மனப்பான்மையையும் பார்க்க வேண்டும். நேற்று வரை உரிமையாக இருந்தது இன்று சலுகையாயிற்று; நாளை குற்றமாயிற்று. மேய்ச்சலுக்குக் கட்டணம், விறகுக்கு அனுமதிச் சீட்டு, சீட்டில்லாத சுள்ளிக்கு அபராதம். ஏலத்தில் கூப்பு எடுத்து ஒரு மலைச்சரிவையே வெட்டிச் சாய்த்த ஒப்பந்தக்காரர் சட்டப்படி நடந்தவர். தலைச்சுமையாகச் சுள்ளி கொண்டுவந்த கிழவி சட்டத்தை மீறியவர். காட்டிற்குப் பகைவர் காட்டை அடுத்து வாழ்பவரே என்னும் எண்ணம் அன்று அரசாங்கத்தின் கோப்பில் எழுதப்பட்டது. நம்முடைய மனத்திலும் எழுதப்பட்டது.

கடல் கடந்த கோடரி

இலங்கையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே கோடரி தமிழர் கையில் இருந்தது. 1840இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசின் நிலமாகக் கருதியது. கண்டி மலைநாட்டுக் காடுகள் காப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. அவற்றை வெட்டித் திருத்த, மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்ட எளிய மக்கள் கங்காணிமார் பின்னால் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனையோ பேர். 1869இல் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. ஓரிரு பத்தாண்டுகளில் காப்பி அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை வந்தது.

இலண்டன் மாநகரில் ஒரு கோப்பைக் காப்பியும் தேநீரும் பரிமாறப்பட்டதன் பொருட்டு மலைநாட்டின் சோலைகள் மறைந்தன. ஆதாயம் தோட்ட நிறுவனங்களின் கணக்கேட்டில் ஏறியது. வெட்டியவருக்குக் கிடைத்ததோ வரிசை வீட்டில் ஓர் அறை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தம் கோடரியால் திருத்திய மண்ணிலேயே “நீ யார்?” என்று அவர்கள் கேட்கப்பட்டார்கள்.

பர்மாவை எடுத்துக்கொள்வோம். பம்பாய் பர்மா வணிக நிறுவனம் தேக்கு மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக மாண்டலே மன்னனின் அரசு அபராதம் விதித்தது. அவ்வழக்கையே சாக்காகக் கொண்டு 1885இல் ஆங்கிலேயர் படையெடுத்து அந்நாட்டை முற்றிலும் கைக்கொண்டனர். ஒரு நாட்டின் விடுதலையே தேக்கு மரக் கணக்கில் போயிற்று. நாம் வியந்து பார்க்கும் செட்டிநாட்டு வளமனைகளின் தூண்களும், நம் பழைய ஆலயங்கள் பலவற்றின் உத்தரங்களும் பர்மாத் தேக்கால் ஆனவை. அழகுக்காக அவற்றைப் போற்றுவதில் தவறில்லை. அவற்றுக்கும் ஒரு காடு இருந்தது என்பதை நினைவில் கொள்வதும் தகும்.

விடுதலைக்குப் பின்

அந்நியர் போன பின் காடு பிழைத்ததா? 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அந்தப் பத்தாண்டுகளில் அணைகளும் ஆலைகளும் எழுந்தன. ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் பெரும் தொழிற்பேட்டையும் உருவாயின. பல்லாயிரம் குடும்பங்கள் அவற்றால் வாழ்வு பெற்றன. இவ்வட்டாரத்தின் பங்குகளில் அக்குடும்பங்களே நிறைந்துள்ளன. அவ்வளர்ச்சியைப் பழிக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் வளர்ச்சியின் கணக்கில் காடு ஒருபோதும் செலவாக எழுதப்படவில்லை. 1951க்கும் 1980க்கும் இடையில் இந்தியாவில் ஏறத்தாழ 43 இலட்சம் ஹெக்டேர் வனநிலம் வேளாண்மை, அணை, சுரங்கம், தொழில், சாலை எனப் பிற தேவைகளுக்கு மாற்றப்பட்டது. அவற்றில் மிகப் பெரும்பங்கு எவருடைய திருட்டினாலும் போனதன்று. அரசின் கையெழுத்தினால் போனது.

சென்னை நகருக்குள்ளேயே சான்று உண்டு. கிண்டிக் காட்டின் ஒரு பகுதி 1950களின் இறுதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வழங்கப்பட்டது. அதன் பின்னரும் கல்வி நிலையங்களுக்கும் நினைவிடங்களுக்கும் எனப் பகுதி பகுதியாக அக்காடு குறைந்தது. எஞ்சிய ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கல்வியும் நல்லதே, நினைவிடமும் நல்லதே. காடு எப்போதும் ஏதேனும் ஒரு நல்ல காரணத்திற்காகவே வெட்டப்படுகிறது என்பதுதான் இதில் கவனிக்கத் தக்கது.

1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நடுவணரசின் இசைவின்றி வனநிலத்தை மாற்றக் கூடாது என்றது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை எதிர்த்து 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், உடைமையாளர் யாராயினும் காடு காடுதான் என்று தீர்ப்புரைத்தது. இவை பெரும் நன்மைகளே.

வாச்சாத்தியும் சேஷாசலமும்

ஆனால் தண்டனை என்று வரும்போது கை எங்கே நீள்கிறது? தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உள்ளது. மலையாளி என வழங்கப்படும் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூரில் நுழைந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் கண்டது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பதற்காக நடத்தப்பட்ட நாடகத்தில் ஏதுமறியாத மக்கள் பலியாயினர் என்பது அந்நீதிமன்றம் கண்ட உண்மை. முப்பத்தோர் ஆண்டுகள் அப்பெண்கள் காத்திருந்தார்கள். சந்தன மரத்தை விலை கொடுத்து வாங்கியவர்களோ எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துச் சவ்வாது மலைப் பகுதியையும், தருமபுரி, சேலம் மாவட்டங்களையும் சேர்ந்த ஏழைகள். சவ்வாது மலை எது? அன்றைய வட ஆர்க்காட்டு மலைதான். தாத்தன் காலத்தில் இருப்புப் பாதைக்காக மரம் இழந்த மலை. பேரன் காலத்தில் வயிற்றுப் பிழைப்புக்காக அயல்காட்டுக்கு மரம் வெட்டப் போய்ப் பிணமாகத் திரும்பிய மலை. செம்மரமோ துறைமுகங்கள் வழியே கள்ளத்தனமாகக் கீழை நாடுகளுக்குப் போய், விலையுயர்ந்த அறைகலனாகிச் செல்வர் வீட்டுக் கூடத்தை அணி செய்கிறது.

இதனால் வெட்டுபவர் குற்றமற்றவர் என்று சொல்ல வரவில்லை. அரிய மரத்தை வெட்டுவது குற்றமே. வறுமை குற்றத்தை விளக்கும், முற்றிலும் துடைத்துவிடாது. ஆயினும், கூலி வாங்கியவருக்குத் துப்பாக்கிக் குண்டும், கொள்முதல் செய்தவருக்கு ஆதாயமும் என்பது நீதியின் தராசாகாது. அத்தகைய நீதியால் காடும் பிழைக்கப் போவதில்லை. ஒரு கோடரி வீழ்ந்தால் மற்றொரு கோடரியை எடுக்க ஒரு பசித்த கை எப்போதும் இருக்கும்.

வேறு வழி உண்டா?

உண்டு என்பதற்கு ஒரு சான்று ஒடிசா மாநிலத்திலிருந்து கிடைத்தது. நியம்கிரி மலையில் அலுமினியக் கனிமம் தோண்டும் திட்டம் வந்தபோது, அம்மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்ரியா கோந்து பழங்குடியினர் எதிர்த்தனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை அடியொற்றி, அம்மக்களின் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. காட்டின் பகைவர் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் கருதி வந்த மக்களே, வாய்ப்புக் கிடைத்தவுடன், காட்டைக் காத்தனர். வெட்டினால் விளைவைச் சுமக்க வேண்டியவர்கள் அவர்களே அல்லவா? முடிவெடுக்கும் உரிமையும் அவர்களிடம் வந்தபோது, பழைய கட்டுப்பாடு மீண்டும் உயிர்பெற்றது.

நாம் நகரத்தில் வாழ்பவர்கள். நம் கையில் கோடரி இல்லை. அதனாலேயே நம்மைக் குற்றமற்றவர்களாக எண்ணிக்கொள்வது எளிது. பள்ளிகளிலும் பங்குகளிலும் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம், நடத்தான் வேண்டும். ஆனால் அத்துடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. வீட்டுக் கதவுக்கும் ஆலயத்து இருக்கைக்கும் மரம் வாங்கும்போது அது எந்தக் காட்டு மரம், எந்த அனுமதியில் வெட்டப்பட்டது என்று கேட்பது நம் கடமை. ஒரு சாலைக்காகவோ சுரங்கத்திற்காகவோ காடு போகிறதென்றால், அங்கே வாழ்பவர்களின் சபை கூடியதா, அவர்கள் இசைந்தார்களா என்று கேட்பதும் நம் கடமை. மரம் கடத்தியவர் பிடிபட்டார் என்று நாளேட்டில் ஒரு மெலிந்த மனிதரின் படம் வரும்போது, வாங்கியவரின் படம் எங்கே என்று கேட்கவும் வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். சில வேளைகளில் அவர்கள் நம் வீட்டிலும் இருக்கக்கூடும்.